அசையக் கூடாத கை

ஊசி இரண்டும் ஏறிவிட்டன. சிஸ்டர் அமலி பிளாஸ்திரி ஒட்டி, அப்பாவின் இடது கையை மெத்தையோரமாக நீட்டி வைத்து, "தாத்தா, இந்தக் கை அசையக் கூடாது, சரியா" என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். டயாலிசிஸ் மெஷின் சுற்ற ஆரம்பித்துவிட்டது, குழாய் சிவந்துவிட்டது, இனி நாலு மணி நேரம் எனக்கு. எனக்கு என்று நினைத்த உடனேயே சுருக்கென்கிறது. படுத்திருப்பவர் அவர், வெளியே வந்து சுற்றிவிட்டு உள்ளே போகிற ரத்தம் அவருடையது, முடிந்து எழும்போது தலை கிறுகிறுத்து என் தோளைப் பிடித்துக்கொள்ளப் போகிறவர் அவர், இதில் எனக்கென்று என்ன வேண்டிக்கிடக்கிறது. ஆனாலும் என் கை அதற்குள் ஸ்டூலுக்கு அடியில் இருக்கும் பைக்குள் போய்விட்டது. பைக்குள் தண்ணீர் பாட்டில், அப்பாவின் ஃபைல், மனைவி ஜெசிந்தா கட்டிக்கொடுத்த இட்லிப் பொட்டலம், எல்லாவற்றுக்கும் அடியில் பாதி முடிந்த வயர் கூடை. மயில்கழுத்து நிறமும் வெள்ளையும். முதலில் பொட்டலத்தை எடுக்க வேண்டும், அவருக்குப் பசிக்கிறதா என்று கேட்க வேண்டும், போன தடவை கேட்காமல் விட்டுவிட்டேன், அவராகத்தான் "ஏதாச்சும் இருக்காடா" என்றார். "பசிக்குதாப்பா?" "இப்ப வேணாம்." நல்லது, கேட்டாகிவிட்டது, இனி வயரை எடுக்கலாம். இப்படித்தான் ஆகிவிட்டேன் நான். ஐம்பது தாண்டியவன், ஆபீசில் நாலு பேரை அங்கே போ இங்கே போ என்று அலையவிடும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன், செவ்வாயும் வெள்ளியும் எப்போது வரும் என்று ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே காத்திருக்கிறேன், பெற்ற தகப்பனுக்கு ஊசி குத்தும் நாட்களுக்காக.

மூலை திருப்ப வேண்டிய இடத்தில் விட்டிருக்கிறேன். இரண்டு விரலால் வயரை மடித்து, உள்ளே நுழைத்து, இழுத்து, இன்னொரு சொடுக்கு. அந்தச் சொடுக்கில் முடிச்சு போய் உட்காரும்போது கைக்குள்ளே ஒரு திருப்தி வருகிறது பாருங்கள், அதை யாரிடம் சொல்வது, ஜெசிந்தாவிடம் சொன்னால் சிரிப்பாள், அப்புறம் தன் தங்கைக்கு ஃபோன் போட்டுச் சொல்லிச் சிரிப்பாள். முதல் சில மாதம் இங்கே உட்கார்ந்து செல்ஃபோனைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தேன். கண் எரிந்ததும் பம்ப் சுற்றுவதைப் பார்ப்பேன், அதுவும் அலுத்ததும் அப்பாவின் பாதத்தைப் பார்ப்பேன். எதிர்க்கட்டிலுக்கு லால்குடியிலிருந்து புருஷனைக் கூட்டிவரும் கோமளவல்லி மட்டும் சும்மாவே உட்கார மாட்டாள், கூடை பின்னிக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் அந்தப் புருஷனுக்குத் திடீரென்று வாந்தி. "சார், இந்த முனைய விட்றாமப் பிடிங்க, விட்டா பிரிஞ்சிரும்" என்று என் கையில் திணித்துவிட்டு ஓடினாள். பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் வர நேரமாயிற்று. எனக்கு முன்னால் அவள் போட்ட முடிச்சு இருந்தது, அதற்கு முந்தியதும் இருந்தது, எது எதற்குள் போகிறது என்று கண் தானாகப் பின்னால் போய்ப் பார்த்தது, கை தானாக முன்னால் வந்தது. அவள் புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்து கூடையை வாங்கிப் பார்த்தாள். "சார், இதுல எது நான் போட்டது, எது நீங்க போட்டது?" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். நான் தூண் மறைவுக்குப் போய் நின்றுகொண்டேன். கண் கலங்கிவிட்டது. அங்கே ஒரு மனுஷன் குடலைப் புரட்டி வாந்தி எடுத்துவிட்டுக் கிடக்கிறான், இங்கே நான் ஒரு முடிச்சுக்காக ஆனந்தக் கண்ணீர் விடுகிறேன்.

ஏன் கலங்கியது என்று எனக்குத் தெரியும். என் கை செய்த ஒன்றை இன்னொருவர் கை செய்ததாக யாரும் நினைத்ததில்லை. அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். சவரிமுத்து கை வைத்தால் இஞ்சின் தானாக நகரும் என்பார்கள். அந்தக் கைக்குப் பிறந்த எனக்கு ஆணி அடித்தால் ஆணி வளையும், சைக்கிள் செயின் மாட்டினால் விரல் மாட்டும். மாட்டுவதற்குள் "கொண்டா இங்க" என்று வாங்கிவிடுவார். திட்ட மாட்டார், அடிக்க மாட்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும், வாங்கிவிடுவார், அவ்வளவுதான். கிறிஸ்துமஸுக்குக் குடில் கட்டும்போது நான் மலைக்குத் தாள் கசக்கிக் கொடுப்பேன், அதைப் பிரித்து அவர் மறுபடி கசக்குவார். எனக்கும் ஆசைதான், ஒரு வருஷமாவது அந்த மலை என் கையால் நிற்க வேண்டுமென்று. எனக்குக் கல்யாணமாகி, பையன் பிறந்து, அவனும் தாள் கசக்கிக் கொடுக்க, அதையும் பிரித்துக் கசக்கினார். பையன் சிரித்துக்கொண்டே டிவி பார்க்கப் போய்விட்டான், அவனுக்கு அது ஒரு விஷயமே இல்லை. எனக்குத்தான் இன்னும் நெஞ்சில் நிற்கிறது. போன வருஷம் கூடையை வீட்டுக்கு எடுத்துப்போய் ஹாலில் உட்கார்ந்து பின்னிப் பார்த்தேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் மூச்சு மாறுவது எனக்குக் கேட்டது. "கொண்டா இங்க" என்றார். கொடுத்துவிட்டேன். வாழ்க்கையில் வயரைத் தொட்டிராத மனுஷன், சீக்காளி, ஊசி குத்திக் குத்தி வீங்கிப்போன கையை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் முழுவதையும் பின்னி முடித்துவிட்டுத்தான் எழுந்தார். என்னுடையதைவிட நன்றாக இருந்தது. நெருக்கமாக, நேராக. ஜெசிந்தா அதை இன்னும் காய்கறிக்கு எடுத்துப்போகிறாள். அதற்குப் பிறகு நான் வீட்டில் வயரை வெளியே எடுப்பதில்லை.

இங்கே எடுக்கலாம். இங்கே அவருடைய இடது கை அசையக் கூடாது, வலது கையில் பிரஷர் பட்டை. பார்க்கத்தான் முடியும். இந்த நினைப்பு வரும்போதெல்லாம் ஒரு முடிச்சு தளர்ந்துவிடுகிறது, பிரித்துப் போட வேண்டியிருக்கிறது, இதோ இப்போதும். இதை என்னவென்று சொல்வது. தகப்பன் கை கட்டிக் கிடந்தால்தான் மகனுக்குக் கை வருகிறது என்றால் அந்தக் கையை என்ன செய்வது. ஆனால் பொய் சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருக்கிறேன் நான். படுத்தால் தூக்கம் வருகிறது. முன்பெல்லாம் சோற்றில் உப்பு கொஞ்சம் கூடினால் தட்டைத் தள்ளுவேன், இப்போது மோரை ஊற்றிக்கொண்டு பேசாமல் சாப்பிடுகிறேன். "என்னங்க, எரிஞ்சு விழறதே இல்ல இப்பல்லாம், உடம்புக்கு ஒண்ணுமில்லையே" என்று ஜெசிந்தா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பஸ்ஸில் பொம்பளைகள் மடியில் வைத்திருக்கும் கூடையை உற்றுப் பார்த்து ஒரு நாள் வாங்கிக் கட்டிக்கொள்ள இருந்தேன். நிறம் தெரிகிறது எனக்கு. நீலம் என்று ஒன்றைத்தான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன், கடையில் போய் நின்றால் ஏழெட்டு நீலம் தொங்குகிறது, எந்த நீலத்துக்குப் பக்கத்தில் எந்த மஞ்சள் என்று யோசித்தபடியே ஆபீசுக்குப் போகிறேன். அங்கே ஒரு கிழவர் மனுவோடு வந்து நிற்கிறார், நாளைக்கு வா என்று சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது, எழுந்துபோய் அவர் காகிதக் கட்டைத் தேடி எடுத்துக் கொடுக்கிறேன். "என்ன சார், ஆளே புதுசா இருக்கீங்க" என்று பக்கத்து சீட்டு தெரசாம்மா கேட்டாள். சிரித்தேன். என்ன சொல்வது. எங்கப்பாவுக்குக் கிட்னி போய்விட்டது அம்மா, அதனால் நான் நன்றாக இருக்கிறேன் என்றா. கூடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போதே யோசித்தேன். தவக்காலத்தில் எதையாவது ஒறுக்க வேண்டும். எங்கள் வீட்டில் கறி மீன் கிடையாது, ஜெசிந்தா காபியை விட்டுவிடுவாள், பையன் ஏதோ கேம் விளையாடுவதை விடுவதாகச் சொல்லி மூன்றாம் நாள் திரும்ப எடுத்துக்கொள்வான். கறியை விடுவது எனக்கு ஒரு விடுதலா, அதை நான் ஆசைப்பட்டுத் தின்பதே இல்லை. எனக்கு ஆசையென்று இருப்பது ஒன்றே ஒன்றுதான். அதை விட்டால்தான் ஒறுத்தல். சரி, வயரைத் தொடுவதில்லை என்று கோயில் படியிலேயே முடிவு செய்து, வயர் பையைப் பீரோவுக்கு மேலே போட்டேன். அடுத்த செவ்வாய் வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தேன். எவ்வளவு புண்ணியம் சேர்ந்திருக்க வேண்டும் அன்றைக்கு. நடந்தது என்னவென்றால் நாலு மணி நேரமும் அப்பாவின் மீது கோபமாகவே இருந்தேன். தண்ணீர் கேட்டார், எடுத்துக் கொடுத்த கை வெடுக்கென்று கொடுத்தது. போர்வையை இழுத்துவிடச் சொன்னார், "இப்பத்தானேப்பா விட்டேன்" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், அப்புறம் என் மடியைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார். வெள்ளிக்கிழமை பீரோ மேலிருந்து பையை எடுத்துவிட்டேன். கடவுளுக்கு ஒறுப்பதா, இவர் மேல் எரிந்து விழாமல் இருப்பதா என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டேன். நியாயம் பேசுவதில் நான் கெட்டிக்காரன், அதற்குத்தானே சம்பளம் தருகிறார்கள்.

அந்த நியாயத்தோடு நின்றிருந்தால்கூடப் போகட்டும். டாக்டரம்மாவிடம் சொன்னது. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது. மாசி பிறந்த சமயம், இதோ இந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். தாத்தாவுக்கு இதயம் கொஞ்சம் தளர்ந்துவிட்டது, மெஷினில் போடும்போதெல்லாம் பிரஷர் இறங்குகிறது, கால் இழுக்கிறது, இந்த வயதில் இதைத் தாங்குவது கஷ்டம், வயிற்றில் சின்னக் குழாய் வைத்துவிட்டால் வீட்டிலேயே மருந்துத் தண்ணீரை விட்டு எடுத்துவிடலாம், ஊசி கிடையாது, அலைச்சல் கிடையாது, தூசியில்லாத தனி ரூம் ஒன்று வேண்டும், சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். "வீட்ல அப்படி ரூம் இருக்கா சார்?" நான் அந்த நொடியில் யோசிக்கவே இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது, யோசித்துச் சொல்லியிருந்தால் பொய் என்று பெயர் வைக்கலாம். வாய் தானாகச் சொன்னது. "மாடியில ஒரு ரூம் இருக்கு மேடம், ஆனா ஒழுகும்." "சரிபண்ண முடியாதா?" "பழைய கட்டடம் மேடம், பாக்கறேன்." பழைய கட்டடமாம். அப்பா ரிடையர் ஆன கையோடு கட்டிய ரூம் அது. கொத்தனார் பேருக்கு இருந்தார், மேல்தளத்தில் தட்டு ஓடு பதித்தது முழுக்க அப்பா, முட்டி போட்டு, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து. பதித்து முடித்ததும் மாடியில் பாத்தி கட்டித் தண்ணீரை நிறுத்தி, கீழே ரூமுக்குள் பாய் போட்டு மல்லாந்து படுத்துக்கொண்டு கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு புயல் விடாமல், ஒரு ஐப்பசி விடாமல், ஒரு சொட்டு இறங்கியதில்லை. அடுத்த வீட்டுக்காரர் சீலிங்கில் ஈரம் படர்ந்தபோது "கட்டத் தெரியாதவன் கட்டுனா ஒழுகத்தான் செய்யும்" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னவர் இவர். அந்தக் கூரையை நான் ஒழுகவிட்டேன்.

பாவசங்கீர்த்தனத்துக்கும் போனேன். முழங்கால் போட்டு, பலகை ஓட்டைக்குப் பக்கத்தில் வாயை வைத்து, பொய் சொன்னேன் சாமி என்றேன். வேற என்றார். கோபப்பட்டேன். வேற. அவ்வளவுதான் சாமி. பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். எனக்கு முன்னால் போன சின்னப் பெண்ணுக்கும் அதே பத்துதான் என்று நினைக்கிறேன், அவள் பென்சில் திருடியிருப்பாள். சாமிக்கு என்ன தெரியும், என்ன பொய் என்று அவர் கேட்கவில்லை, கேட்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும், தெரிந்துதான் அவரிடம் போனேன். வேற என்று கேட்டபோது, சாமி நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அது பாவமா இல்லையா என்று அவராவது சொல்லியிருப்பார். எனக்குத் தீரவில்லை. ஒரு மனுஷன் ஒன்றைப் புதிதாகக் கற்றுக்கொள்வதில் என்ன பாவம். எதுவும் இல்லை. கற்றுக்கொண்டதில் அவனுக்கு மனசு லேசாவதில் என்ன பாவம். இல்லை. அதை விடாமல் வைத்துக்கொள்வதற்காக அப்பன் கையில் இன்னும் நாலு மாதம் ஊசி ஏறட்டும் என்றால். இங்கே வந்துதான் ஒவ்வொரு தடவையும் சிக்குகிறது.

"இன்னாசி." அப்பாவின் குரல். நிமிர்ந்தால் முகம் வெளுத்திருக்கிறது, உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறார். கால் இழுக்கிறது. கெண்டைக்கால் கல்லாக உருண்டு நிற்கிறது, நான் பாதத்தைப் பிடித்து மேலே மடக்கி அழுத்துகிறேன், சிஸ்டர் ஓடி வந்து மெஷினில் எதையோ குறைத்துவிட்டு உப்புத் தண்ணீரைத் திறந்துவிடுகிறாள், "மூச்சு விடுங்க தாத்தா, இதோ போயிரும், இதோ" என்கிறாள். அப்பா கத்துவதில்லை. கையை அசைக்கக் கூடாது என்று சொல்லியிருப்பதால் கையை அசைக்காமல், உடம்பு முழுவதும் வலியில் முறுக்கிக்கொள்ள, அந்த ஒரு கை மட்டும் வேறு யாருடையதோ போலக் கிடக்கிறது. நான் அழுத்துகிறேன். அழுத்திக்கொண்டே இருக்கும்போதுதான் தெரிகிறது, ஒரு கையால்தான் அழுத்துகிறேன். இன்னொரு கை வயர் முனையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, விட்டால் பிரிந்துவிடும் என்று. உதறினேன். கூடை ஸ்டூலிலிருந்து உருண்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று. இரண்டு கையாலும் பிடித்தேன். கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. அப்பா கண்ணைத் திறந்து, "விட்டுருச்சு" என்றார். என் கண்ணைப் பார்க்கவில்லை, கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்க்க முயன்றார். எதைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது, தெரியாததுபோல் போர்வையைச் சரிசெய்தேன்.

லால்குடியிலும் இப்படித்தான். கோமளவல்லியின் புருஷன் தை மாதத்தில் போய்விட்டார், ஒரு வெள்ளிக்கிழமை எதிர்க்கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள், சிஸ்டர் மெதுவாகச் சொன்னாள். அடுத்த நாளே பஸ் ஏறிப் போனேன். நல்ல மனுஷன், என்னிடம் அதிகம் பேசியதில்லை, பெண்டாட்டியின் வயரை அறுக்கும் கத்தரியைத் தன் தலையணைக்கு அடியில் பத்திரமாக வைத்திருப்பார். கோமளவல்லி என்னைப் பார்த்ததும் "சார், போயிட்டாரு சார்" என்று தரையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் துக்கமாகத்தான் இருந்தது, நிஜமாகவே, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் தலைக்கு மேலே சுவரில் ஒரு கூடை தொங்கியது. கைப்பிடியை உடம்போடு சேர்க்கிற இடம் எனக்குப் பிடிபடாமலேயே இருந்தது, அதை மட்டும் அவள் சொல்லித்தரவில்லை, அதற்குள் இது நடந்துவிட்டது. அவள் அழ அழ என் கண் அந்த இடத்துக்கே போனது. வயர் உள்பக்கமாகப் போய், ஒரு வரி கீழே இறங்கி, திரும்பி மேலே வருகிறது. புரிந்துவிட்டது. அந்த வீட்டில், அந்த அழுகைக்கு நடுவில், ஆகா இவ்வளவுதானா என்று உள்ளே ஒருவன் துள்ளினான். அவளுக்கு ஆறுதலாக நான் என்ன சொன்னேன் என்பது இப்போது ஒன்றுகூட நினைவில்லை. கைப்பிடி சேர்க்கிற இடம் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

ரவுண்ட்ஸ் வந்துவிட்டது. டாக்டரம்மா இரண்டு கட்டில் தள்ளி நிற்கிறார், சிஸ்டர் அமலி காகிதங்களை நீட்டிக்கொண்டே வருகிறாள். கேட்பார். இன்றைக்குக் கண்டிப்பாகக் கேட்பார், போன தடவையே வெள்ளிக்கிழமை முடிவு சொல்லுங்கள் என்றுதான் போனார். சொல்லிவிடலாம். ரூமைச் சரிபண்ணியாச்சு மேடம் என்று சொன்னால் போதும், பொய்யை ஒப்புக்கொள்ளக்கூட வேண்டாம், ஒரு பொய்யை இன்னொரு பொய்யால் ஒழுங்காக மூடிவிடலாம், யாருக்கும் தெரியாது. சொன்னால் இந்த ஸ்டூல் போகும். செவ்வாய் போகும், வெள்ளி போகும். வீட்டில் ரூமுக்குள் அப்பாவோடு உட்கார்ந்திருப்பேன், கூடையை எடுப்பேன், அவர் மூச்சு மாறும். சித்திரை கழியட்டுமே. வெயில் தணிந்ததும் பார்க்கலாமே. அதற்குள் இந்தக் கூடையாவது முடியும். கால் இழுத்தது இப்போதுதான், இந்தக் கையால்தான் அழுத்தினேன், அந்தக் கல் இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது, அதற்குள் சித்திரை என்கிறேன். என்ன ஜென்மம் நான்.

"என்ன தாத்தா, இன்னைக்கும் கால் இழுத்துச்சாமே" என்றார் டாக்டரம்மா. அப்பா சிரித்தார். "சார், யோசிச்சீங்களா? இவருக்கு இது ஒத்துக்கல. இப்படியே விட்டா ஒரு நாள் பிரஷர் ரொம்ப இறங்கிடும். ரூம்தான் பிரச்சினைன்னீங்க. என்னாச்சு?"

நான் வாயைத் திறந்தேன். திறந்தது நினைவிருக்கிறது, எதைச் சொல்லத் திறந்தேன் என்பது இன்னும் எனக்கே தெரியாது.

"அது ஒழுகும்மா" என்றார் அப்பா. "மச்சு ரூமு. மழை வந்தா உக்கார முடியாது. நான் கட்டுனதுதான், சரியாக் கட்டல. எனக்கு இங்க வர்றதே பழகிருச்சு, இப்படியே இருக்கட்டும்."

"அப்படியா. அப்புறம் உங்க இஷ்டம் தாத்தா" என்று சொல்லிவிட்டு அவர் எதையோ எழுதினார், அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

சரியாகக் கட்டவில்லை என்று சவரிமுத்து சொன்னார். என் காதில்தான் விழுந்தது. தட்டோட்டை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தவர், பாய் போட்டுப் படுத்துக் கூரையைப் பார்த்தவர், வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் வீட்டு வாசலை மிதிக்க விட்டிருக்க மாட்டார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நான் சொன்னது அவருக்குக் கேட்டிருக்கிறது. அன்றைக்கே கேட்டிருக்கிறது. இத்தனை நாள் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் ஊசிக்குக் கையை நீட்டியிருக்கிறார். எழுந்தேன். டாக்டரம்மா நின்ற கட்டிலுக்குப் போனேன்.

"மேடம். அது ஒழுகாது."

"என்ன சார்?"

"அந்த ரூம். ஒரு சொட்டு ஒழுகாது. அவர் நல்லாத்தான் கட்டியிருக்காரு. நான்தான் பொய் சொன்னேன்."

அந்தக் கட்டில்காரர் பார்த்தார், அவருடைய மகள் பார்த்தாள், சிஸ்டர் அமலி காகிதத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். டாக்டரம்மா ஏன் என்று கேட்க வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் விட்டுவிட்டார். "சரி. அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க. குழாய் வைக்கிறதுக்கு நாள் குறிச்சிடுவோம்." "சரிங்க மேடம்" என்றேன். திரும்பி ஸ்டூலுக்கு நடந்தேன். பாரம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தேன், எல்லோரும் அப்படித்தானே சொல்கிறார்கள். எனக்கு முதலில் தோன்றியது, இனி எங்கே உட்கார்ந்து பின்னுவது என்பதுதான். மறைக்க ஒன்றுமில்லை, அதுதான் தோன்றியது. உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டேன்.

"எதுக்குடா போய்ச் சொன்னே" என்றார் அப்பா. கோபமில்லை, களைப்பு.

"ஒழுகாதுல்லப்பா."

"ஒழுகாதுன்னு எனக்குத் தெரியாதா." என்னைப் பார்க்காமல், மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வீட்ல ரெண்டு கையும் சும்மா கெடக்கும்டா எனக்கு. நீ பின்னுவே. நான் வாங்கிருவேன். வாங்கக் கூடாதுன்னுதான் நெனைக்கிறேன், சின்ன வயசுலேர்ந்து நெனைக்கிறேன், என் கை கேக்க மாட்டேங்குது. இங்கன்னா கட்டிப் போட்டுர்றாங்க. அதான், இங்கயே வந்துக்கிட்டு இருக்கலாம்னு பாத்தேன்."

கட்டிலுக்கு அடியில் குனிந்து கூடையை எடுத்தேன். அழுகை வந்தது.